ஐந்து வராகனுக்கு ஒரு கோர்ட்டு

கைமாற்று, கடைப் பாக்கி, கூலி பாக்கி போன்ற சின்னத் தொகைகளுக்குப் பிராது கொடுக்கவென்றே பிறந்த கோர்ட்டு ஒன்று, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் இருக்கிறது. சிறு வழக்குகள் நீதிமன்றம் என்று பெயர். அதன் பூர்வீகம் ஒரு சாவடி.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆரம்ப காலத்தில் மதராசப்பட்டினத்துச் சச்சரவுகளை உள்ளூர் அதிகாரி ஒருவர் சாவடியில் உட்கார்ந்து தீர்த்துவைத்தார். பிறகு அந்த இடத்துக்குக் கம்பெனி ஊழியர்களே வந்துவிட்டார்கள். கவர்னர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் 1678-இல் சாவடியைச் சீரமைத்து, 50 வராகன் (அக்காலப் பொன் நாணயம்) வரையுள்ள வழக்குகளை அதற்கு ஒதுக்கினார்.

அதற்குப் பின் மேயர் கோர்ட்டு வந்தது. அது இங்கிலாந்துச் சட்டம், இங்கிலாந்து நடைமுறை. அங்கே நாலு வராகன் கடனுக்கு வழக்காடினால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்தான். ஆகவே 1753-ஆம் ஆண்டு அரச சாசனம் மதராஸ், பம்பாய், கல்கத்தா மூன்றுக்கும் 'கோர்ட் ஆஃப் ரிக்வெஸ்ட்ஸ்' என்ற சிறிய கோர்ட்டைக் கொடுத்தது. உச்சவரம்பு 5 வராகன். கம்பெனி நியமித்த கமிஷனர்கள் சுருக்கமாக விசாரித்து முடித்துவிடுவார்கள்.

ஏறத்தாழ நூறு வருடம் அது ஓடியது. 1846-இல் இங்கிலாந்து தன் பழைய சில்லறைக் கோர்ட்டுகளை மூடிவிட்டு கவுண்டி கோர்ட்டுகளைத் திறந்தது. அந்த அச்சிலேயே இங்கேயும் 1850-இல் சிறு வழக்குக் கோர்ட்டு பிறந்தது. வரம்பு 500 ரூபாய். 1882-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 2,000 ஆக்கியது. வெளியூர்களுக்கு 1887-இல் தனிச் சட்டம் வந்தது.

இது ஏழைக்காகப் பிறந்த கோர்ட்டு என்று சொல்வதை நான் அப்படியே ஏற்கமாட்டேன். 1850 சட்டத்தின் தலைப்பே சிறு கடன்களை எளிதாக வசூலிப்பதற்கு என்றுதான் சொல்கிறது. கடன் கொடுத்தவர் கையில்தானே பெரும்பாலும் புரோநோட்டு இருக்கும்! ஆனாலும் கூலி பாக்கிக்காரரும் அதே படியேறலாம் என்பது சின்ன விஷயமில்லை.

வேகத்துக்கு ஒரு விலையும் உண்டு. தீர்ப்பில் தீர்மானிக்க வேண்டிய வினாக்களும் முடிவும் இருந்தால் போதும். நீட்டி எழுத வேண்டியதில்லை. வழக்கமான மேல்முறையீடும் கிடையாது. சென்னையில் மறுவிசாரணை கேட்டு மனுப் போடலாம். வெளியூர் வழக்கென்றால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு. நிலத்தின் உரிமை, பாகப்பிரிவினை, அவதூறு போன்றவற்றைச் சட்டம் இந்தக் கோர்ட்டின் பக்கமே விடவில்லை. அது சரியான முடிவு என்றே தோன்றுகிறது. அவசரத்தில் தீர்க்கிற சங்கதிகளா அவை?

இன்று வாடகைத் தகராறும் மோட்டார் விபத்து நஷ்டஈடும் சென்னைக் கோர்ட்டின் வேலையில் பெரும்பங்கு. கடனுக்காகப் படியேற நினைப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: தவணை குறிக்காத கைமாற்றுக்குப் பணம் கொடுத்த நாளிலிருந்து பொதுவாக 3 வருடம்தான் கெடு. அதற்குள் பிராது கொடுத்துவிடுங்கள்.