தஹிட்டியின் ஹிமெனே, திருநெல்வேலியின் கீர்த்தனை

இன்னைக்கு பசிபிக் கடல்ல ஆரம்பிச்சு மாஞ்சோலைக்கு வரப் போறோம்.

1797-ல் லண்டன் மிஷனரி சங்கத்தார் தஹிட்டியில் போய் இறங்கினார்கள். ஆங்கிலத்தில் ஞானப்பாட்டைக் குறிக்கும் 'ஹிம்' என்ற சொல், அந்த மக்கள் வாயில் 'ஹிமெனே' ஆச்சு. சொல் மட்டுமில்ல, பாட்டும் மாறுச்சு. 'ஹிமெனே தாராவா'வில் வாத்தியம் கிடையாது. அடுக்கடுக்கா பல குரல்கள், அடியில் ஆண்களின் கனத்த குரல்.

நம்ம ஊர்ல? சர்ச்சுல ரெண்டு புத்தகம் இருக்கும். பாமாலை, மேற்கத்திய மெட்டில். கீர்த்தனை, பல்லவி, அனுபல்லவி, சரணம்னு நம்ம ராகத்தில். இந்த இரண்டாவதின் பெரிய முன்னோடி வேதநாயக சாஸ்திரியார். 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ் சிறுவயதிலேயே அவரைத் தஞ்சாவூருக்கு அழைத்துப்போனார். அங்கே சரபோஜியோடு படித்தார். பிறகு அவர் அரசவையிலேயே கவிஞரானார். குறவஞ்சியை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி' பாடினார்.

ஆனா 1820-களில் வந்த புது மிஷனரிகளுக்கு இது பிடிக்கல. சாஸ்திரியார் எழுதிய முறையீட்டில் நாலு குறை: பழைய பைபிள் மொழிபெயர்ப்பை மாத்துறாங்க, விழாவுக்குப் பூ கூடாதுங்கிறாங்க, கோவில்ல தமிழ்க் கீர்த்தனை கூடாதுங்கிறாங்க. நாலாவது, சாதி வித்தியாசம் பார்க்காமல் ஒன்றாக உட்காரச் சொல்றாங்க!

இங்கதான் கதை சிக்கலாகுது. தமிழ்ப் பாட்டுக்காக நின்ற அதே மனிதர், வேளாளருக்குத் தனி இடம் வேணும்னும் நின்றார். பாட்டைத் தடுத்தவங்க, சாதிப் பிரிவையும் தடுத்தாங்க. யாரை நாயகன்னு சொல்றது?

பாட்டு ஜெயிச்சுது. 1853-ல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் கீர்த்தனைகளைத் தொகுத்து அச்சிட்டார். அப்புறம் அது ஊர் ஊரா பரவுச்சு.

இப்போ மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929-ல் பம்பாய் பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. தேயிலை பறித்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1999 ஜூலை 23-ல் அவர்களின் கூலிப் போராட்டத்துக்காகப் போன ஊர்வலத்தில், தாமிரபரணியில் 17 பேர் இறந்தார்கள். 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு கொடுத்து அவர்களை மலையிலிருந்து இறங்கச் சொன்னது.

எந்த மக்களோடு சேர்ந்து உட்கார சாஸ்திரியார் மறுத்தாரோ, அந்த மக்களின் பேரப்பிள்ளைகளும் இன்னைக்குக் கீர்த்தனை பாடுறாங்க. யாரிடமிருந்து வந்ததுங்கிறதை விட, இப்போ யார் பாடுறாங்கங்கிறதுதான் அதை யாரோட பாட்டுன்னு முடிவு பண்ணுது. தஹிட்டியில் நடந்ததும் அதுதானே.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.