முடிச்சும் ஐந்தொகையும்: 'அந்த நாள்' முதல் 'மகாராஜா' வரை

சிக்கலாகக் கதை சொல்லும் மர்மப் படம் ஒன்று வந்ததும் கட்சி இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. ஒரு கட்சி 'என்னா மூளைய்யா' என்கிறது. மறு கட்சி 'எல்லாம் செப்படி வித்தை, நேராச் சொன்னா அரைமணிக் கதை' என்கிறது. இரண்டு தரப்புமே சொல்முறையைக் கதைக்கு மேல் போர்த்திய சட்டையாகத்தான் பார்க்கின்றன. சட்டை எடுப்பா, பகட்டா என்பதோடு தகராறு முடிந்துபோகிறது. காலத்தைக் கலைத்துப் போடுகிறவன் அந்தக் கலைப்பில் யாருக்கு வாய் கொடுக்கிறான், யாருடைய வாயை அடைக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. தமிழில் இந்தக் கேள்வியைக் கேட்க வேண்டுமென்றால் 1954க்குப் போக வேண்டும்; போகிற வழியில் காரைக்குடியில் இறங்கியாக வேண்டும்.

யுத்தக் காலத்தில் சென்னையில் ஸ்டூடியோ நடத்த வழியில்லாமல் ஏ.வி. மெய்யப்பன் தன் சொந்தச் சீமைக்கே வந்து, காரைக்குடிக்குப் பக்கத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டார். 'நாம் இருவர்' (1947) அங்கே பிறந்த படம். 1948இல் ஸ்டூடியோ சென்னை வடபழனிக்குக் குடிபெயர்ந்தது. ஆறு வருஷம் கழித்து அதே ஏவிஎம் பாட்டு இல்லாத, ஆட்டம் இல்லாத, சண்டை இல்லாத ஒரு படத்தை வெளியிட்டது: எஸ். பாலசந்தர் இயக்கிய 'அந்த நாள்'. பின்னாளில் வீணை மேதையாகக் கொண்டாடப்பட்ட பாலசந்தருக்கு அப்போது வயது இருபத்தேழு. ஒரு படத்துக்குப் பத்துப் பாட்டு சர்வசாதாரணமாக இருந்த காலத்தில் ஒரு சங்கீதக்காரர் பாட்டையெல்லாம் வெட்டி எறிந்தார் என்பதே தனியாக யோசிக்க வேண்டிய விஷயம். படம் தொடங்கியதும் கதாநாயகன் சிவாஜி கணேசன் சுடப்பட்டுச் செத்து விழுகிறார். ஜப்பானிய விமானம் சென்னையில் குண்டு போட்ட 1943 அக்டோபரின் மறுநாள் அது. செத்தவன் ராஜன், ரேடியோ எஞ்சினியர். பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, ஆசைநாயகி, மனைவி என்று ஒவ்வொருவராக வாக்குமூலம் தர, ஒவ்வொன்றிலும் சந்தேகம் வேறு ஆள் மேல் போய் விழுகிறது.

அகிரா குரோசாவாவின் 'ராஷோமோன்' (1950) வழி வந்தது என்று சொல்லிவிட்டு நகர்வது நம் விமர்சன வழக்கம். அந்தோனி ஆஸ்க்வித்தின் 'தி உமன் இன் கொஸ்டின்' (1950) இன்னும் நெருக்கம் என்பாரும் உண்டு. இருக்கட்டும். கதைக்குள் கதை நமக்கு ஒன்றும் ஜப்பானிலிருந்து கப்பலில் வந்து இறங்கவில்லை. விக்கிரமாதித்தன் கதையும் மதனகாமராஜன் கதையும் திண்ணையில் கேட்டு வளர்ந்த சனத்துக்கு ஒரு கதையின் வயிற்றைக் கிழித்து இன்னொன்று வெளியே வருவது புதுசே இல்லை. கூத்துப் பார்க்கப் போகிறவனுக்கு யார் சாவான் என்பது முன்னமே தெரியும். ஆனாலும் விடிய விடிய உட்கார்ந்திருப்பான். ஆக, 'சிக்கலாகச் சொன்னால் பாமரனுக்குப் புரியாது' என்கிற வாதம் பாமரனைப் பற்றிய அறியாமை.

வேறுபாடு வேறிடத்தில் இருக்கிறது. 'ராஷோமோன்' வாக்குமூலங்கள் ஒன்றையொன்று அழிக்கின்றன. கடைசிவரை ஒன்றாய்ச் சேர்வதில்லை. 'அந்த நாள்' வாக்குமூலங்களோ ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு உண்மை என்ற ஒற்றைப் புள்ளிக்குப் போய்ச் சேர்கின்றன. கொத்தமங்கலத்திலும் சுற்றியுள்ள செட்டிநாட்டு ஊர்களிலும் கொண்டுவிற்கப் போனவர்களின் பழைய கணக்குகளில் ஐந்தொகை என்று ஒன்று உண்டு. பற்று, வரவு, லாபம், நஷ்டம் எதுவானாலும் கடைசியில் நேர்செய்து காட்டியாக வேண்டும். ஒரு தம்பிடி இடித்தாலும் ஏஜெண்டு பதில் சொல்ல வேண்டும். 'அந்த நாள்' ஐந்தொகை எடுக்கும் படம். போலீஸ் அதிகாரி (படத்துக்கு எழுதிய ஜாவர் சீதாராமனே நடித்தது) கணக்கப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு பேரேடாகப் புரட்டி, இடிக்கும் தொகையைக் கண்டுபிடிக்கிறார். ராஜன் ஜப்பானுக்கு உளவு சொன்னவன். துப்பாக்கி தேசபக்தையான மனைவி உஷாவின் (பண்டரிபாய்) கையில் இருந்தது. கணக்கு நேராகிவிட்டது.

ஆனால் யாருடைய கணக்கு? 'ராஷோமோன்' படத்தில் கொலையுண்டவனே ஆவி கூப்பிடும் பெண்ணின் வாய்வழியாக வந்து சாட்சி சொல்கிறான். 'அந்த நாள்' ராஜனுக்கு அந்த உரிமை கிடையாது. தன் கண்டுபிடிப்பை இந்த நாடு மதிக்கவில்லை என்ற அவனுடைய ஆற்றாமை மனைவியின் வாக்குமூலத்துக்குள் கைதியாகத்தான் நமக்கு வந்து சேர்கிறது. எல்லோரும் அவனைப் பற்றிப் பேச, அவன் மட்டும் பேசாத பிரதி இது. 1943ஐ இங்கே நினைக்க வேண்டும். அதே வருஷம்தான் சுபாஷ் போஸ் சிங்கப்பூர் வந்தார்; மலேயாவின் ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஜப்பானின் துணையோடு நின்ற இந்திய தேசிய ராணுவத்தில் திரளாகச் சேர்ந்தார்கள். ஜப்பான் பக்கம் சாய்ந்தவன் துரோகியா, தேசபக்தனா என்பது தமிழ் வீடுகளில் அவ்வளவு சுலபமாகத் தீர்ந்த வழக்கல்ல. செட்டிநாட்டுக்கோ அது சொத்து சம்பந்தப்பட்ட வழக்கும் கூட. 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல் கீழ்ப் பர்மாவின் நெல்விளையும் நிலத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நிலம் போன பர்மியக் குடியானவனின் பேரேட்டை நாம் படித்ததில்லை, அது வேறு கதை. 1942இல் ஜப்பான் படை வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்தார்கள்.

'அந்த நாள்' இந்தச் சிக்கலை வரலாற்றிலிருந்து எடுத்து வடிவத்துக்குள் போட்டுவிட்டது என்பது என் வாசிப்பு. ஏவிஎம் கூட்டுச் சேர்ந்து எடுத்த 'பராசக்தி' (1952) அதே யுத்தத்தை, அதே ரங்கூனை நேர்கோட்டில் சொல்லியது. ரங்கூனிலிருந்து வந்தவர்கள் தெருவில் நின்று பிச்சை எடுத்தார்கள், நீதிமன்றத்தில் பேசினார்கள், அரசைக் கேள்வி கேட்டார்கள். வடிவத்தில் எளியது, அரசியலில் முரட்டுத்தனமானது. இரண்டு வருஷத்தில் வடிவம் வளைந்தது, அரசியல் நிமிர்ந்து 'அட்டென்ஷனில்' நின்றது. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. இதற்காகப் படத்தை வித்தை என்று தள்ளிவிட மாட்டேன். சந்தேகம் ஒரு வீட்டுக்குள் எப்படி ஆள் மாறி ஆள் மாறி நடமாடும் என்பதை அதற்குமுன் எந்தத் தமிழ்ப் படமும் இப்படிக் காட்டியதில்லை. அந்த அடுக்கைக் கலைத்து நேராகச் சொன்னால் மிஞ்சுவது ஒரு உளவாளிக் கதை மட்டும்.

இதே சோதனையை 'கஜினி'க்கு (2005) வைத்துப் பாருங்கள். கிறிஸ்டோபர் நோலனின் 'மெமெண்டோ' (2000) காட்சிகளைப் பின்னிருந்து முன்னாக அடுக்கியதால் நினைவற்றவனின் தவிப்பு பார்வையாளனுடைய தவிப்பாகவும் ஆனது. 'கஜினி' நோயை எடுத்துக்கொண்டு வடிவத்தை விட்டுவிட்டது. பச்சைகுத்தலும் போட்டோக்களும் கதாநாயகனுக்கு வேஷப்பொருள் ஆயின. வித்தை என்று சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம். இதில் அதிகம் பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது 'விருமாண்டி' (2004). கொத்தாளன் ஒரு கதை சொல்கிறான், விருமாண்டி ஒரு கதை சொல்கிறான், இரண்டும் சிறைக்குள்ளிருந்து. தூக்குத் தண்டனைக்கு எதிரான படம் என்ற வகையில் இந்த இரட்டைச் சொல்லல் நியாயமானது. ஒருதரப்பு சாட்சியத்தில் உயிர் போகலாம் என்பதைப் பார்வையாளன் தன் மேலேயே சோதித்துப் பார்த்துவிடுகிறான். முதல் கதையை நம்பினோமே! ஆனால் அன்னலட்சுமி? ஒருவன் கதையில் அவள் கடத்தப்பட்டவள், மற்றவன் கதையில் காதலி. செத்துப்போன அவளுக்கு மூன்றாவது வாக்குமூலம் இல்லை. 'ராஷோமோன்' பெண் நீதிமன்றத்தில் தன் வாயால் பேசினாள் என்பதை நினைவில் வையுங்கள்.

நித்திலன் சாமிநாதனின் 'மகாராஜா' (2024) இந்த வரிசையில்தான் வருகிறது. குப்பைத்தொட்டியைக் காணோம் என்று ஒருவன் போலீஸ் ஸ்டேஷனில் வந்து உட்காருகிறான், சிரிக்கிறோம். வருஷக்கணக்கான இடைவெளியுள்ள இரண்டு காலங்களை ஒரே காலம் போல் பின்னி நம்மை ஏமாற்றுகிறார் இயக்குநர். தொட்டி என்பது மகளுக்கு நேர்ந்த பாலியல் வன்முறையை வெளியே சொல்ல முடியாத தகப்பனின் சொல் என்று பாதியில் தெரிகிறது. இதுவரை வடிவத்துக்கு நியாயம் இருக்கிறது. புகார் கொடுக்கப் போனால் பெண்ணின் மானம்தான் முதலில் விசாரிக்கப்படும் என்று தெரிந்தவன் வேறு எப்படிப் பேசுவான்? ஸ்டேஷன் வாசல் ஏறியவர்களுக்கு இது புரியும். ஆனால் கடைசி முடிச்சில், அந்தப் பெண் கொடியவன் செல்வத்தின் சொந்த மகளே என்று அவிழும்போது, அவள் உடம்பு ஒரு சீட்டாகிவிடுகிறது. அப்பன் கவிழ்த்து வைத்திருந்த துருப்புச் சீட்டு. அவள் எழுந்து வந்து அவன் எதிரே நிற்கிறாள் என்பது உண்மை. ஆனால் அந்தக் காட்சியில் கேமரா காத்திருப்பது செல்வத்துக்கு எப்போது விளங்கும் என்பதற்காக. தன் மகள் இல்லையென்றால் அவனுக்கு வலித்திருக்காது, அப்படித்தானே? கொட்டகை 'உச்' கொட்டியதும் அந்த இடத்தில்தான்.

எழுபது வருஷத்தில் ஐந்தொகை எடுக்கும் கை மட்டும் மாறியிருக்கிறது. 1954இல் போலீஸ் அதிகாரி, 2024இல் தகப்பன். ஜோதி தன் கதையைத் தானே சொல்லத் தொடங்கும் படத்தில் காலம் எந்த வரிசையில் ஓடும் என்று இன்னும் யாரும் எடுத்துப் பார்க்கவில்லை.