160 சதுர அடியில் 100 வருஷம்... மும்பை பி.டி.டி சால் விடைபெறும் கதை!

160 சதுர அடி. ஒரு கார் நிறுத்துற இடத்தைவிடக் கொஞ்சம்தான் பெருசு. அதுக்குள்ளேயே அடுப்பு, கட்டில், பீரோ, டிவி, சாமி படம். மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் சின்னதா ஒரு ‘மோரி’. டாய்லெட்? அது அறைக்கு வெளியே, அந்த மாடியில் இருக்கும் எல்லாருக்கும் பொது!

மும்பையின் பி.டி.டி சால்களில் மூணு, நாலு தலைமுறை இப்படித்தான் வாழ்ந்திருக்கு. இப்போ அந்தக் கட்டடங்கள் ஒவ்வொண்ணா இடிக்கப்பட்டு, அதே இடத்தில் டவர்கள் எழும்பிட்டு இருக்கு. 2025 ஆகஸ்ட் 14-ம் தேதி, வொர்லியில் முதல் 556 குடும்பங்களுக்குப் புது வீட்டுச் சாவி கொடுத்தாங்க. 40 மாடி டவரில் ஆளுக்கு 500 சதுர அடி, சொந்த வீடு, ஒரு பைசா கட்ட வேண்டாம்.

கேட்கவே நல்லா இருக்குல்ல? நல்ல விஷயம்தான். ஆனா அந்த வீட்டில் அவங்களால் தொடர்ந்து வாழ முடியுமாங்கிறதுதான் இப்போ அங்கே இருக்கும் பெரிய கேள்வி. அதைப் புரிஞ்சுக்கணும்னா நூறு வருஷம் பின்னாடி போகணும்.

சால்னா என்ன?

நம்ம ஊர் ஒண்டுக்குடித்தனம், லைன் வீடு தெரியும்ல? அதையே மாடி மேல மாடியா அடுக்கினா அதுதான் சால். நீளமான ஒரு வராண்டா, வரிசையா ஒற்றை அறை வீடுகள். பருத்தி மில்களில் வேலை பார்க்க கொங்கண், சத்தாரா பக்கமிருந்து பம்பாய்க்கு வந்த தொழிலாளர்களுக்காக உருவான வீடுகள் இவை.

1896-ல் பம்பாயைப் பிளேக் நோய் தாக்கியது. காத்தும் வெளிச்சமும் இல்லாத நெரிசல் வீடுகள் மேல அரசின் பார்வை அப்போதான் விழுந்தது. 1898-ல் பம்பாய் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்ற அமைப்பைத் தொடங்கி, சில சால்களைக் கட்டினாங்க. அம்பேத்கர் இருபது வருஷத்துக்கு மேல வாழ்ந்தது, பரேலில் இருக்கும் அந்த டிரஸ்ட் சால் ஒன்றில்தான்.

முதல் உலகப்போர் முடிஞ்சப்போ வீட்டுப் பஞ்சம் இன்னும் மோசமானது. 1920-ல் கவர்னர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் ‘பம்பாய் டெவலப்மென்ட் டிபார்ட்மென்ட்’ தொடங்கப்பட்டது. பி.டி.டி என்ற பேரோட விரிவாக்கம் இதுதான். நகரத்துக்குள் வரும் ஒவ்வொரு பருத்தி பேலுக்கும் ஒரு ரூபாய் வரி போட்டு இதற்குப் பணம் திரட்டினாங்க.

திட்டம் 50,000 அறைகள். கட்டி முடிச்சது சுமார் 16,000. தரைத்தளம் பிளஸ் மூணு மாடி, மாடிக்கு 20 அறை, ஆக ஒரு கட்டடத்துக்கு 80 அறை. வொர்லியில் 121, நாய்காவில் 42, என்.எம்.ஜோஷி மார்க்கில் 32 கட்டடங்கள். சிவ்ரியில் சுமார் ஒரு டஜன்.

ஜெயிலா இருந்த வீடு!

யாருக்காகக் கட்டினாங்களோ அவங்களே ஆரம்பத்தில் வரலை. வாடகை கட்டுப்படியாகலை, மில்லிலிருந்து தூரமும் அதிகம். நிறைய அறைகள் பூட்டியே கிடந்தன. 1930-ல் சட்டமறுப்பு இயக்கத்தில் கைதானவங்களை அடைக்க இடம் போதாமல், வொர்லி கட்டடங்கள் சிலவற்றைத் தற்காலிக ஜெயிலாவே மாத்தினாங்க.

அப்புறம் மெதுவா ஆட்கள் நிரம்பினாங்க. ஊரில் குடும்பத்தை விட்டுட்டு வந்த ஆண்கள் பல பேர் சேர்ந்து ஒரே அறையில் தங்குவாங்க. ஒருத்தர் ஷிஃப்ட் முடிச்சு வரும்போது இன்னொருத்தர் கிளம்புவார். படுக்கை மட்டும் அதேதான். இவங்களுக்குச் சமைச்சுப் போட்டு, அதிலேயே குடும்பத்தை நடத்தின பெண்கள் நிறைய. ‘கானாவள்’னு சொல்ற அந்த வீட்டு மெஸ்கள்தான் மில் தொழிலாளர்களுக்குச் சோறு போட்டது.

அறை சின்னதுங்கிறதால வாழ்க்கை வராண்டாவுக்கு வந்துடுச்சு. குழந்தைங்க படிப்பு, காய்கறி நறுக்குறது, ராத்திரி தூக்கம் எல்லாம் அங்கேதான். கீழே மைதானத்தில் கபடி, கணபதி விழா, அம்பேத்கர் ஜெயந்தி.

எல்லாமே இனிமையா இருந்ததுன்னு சொல்லிட முடியாது. 1974 ஜனவரியில் தலித் பாந்தர்ஸ் இயக்கத்தின் கூட்டத்தை ஒட்டி வொர்லி சால்களில் பெரிய கலவரம் வெடிச்சது. ஒரே குழாயடியில் தண்ணி பிடிச்சாலும் சாதி அங்கேயும் இருந்தது.

1982 ஜனவரி 18-ல் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாங்க. அதுக்கப்புறம் பல மில்கள் எழுந்திருக்கவே இல்லை. மில் நிலங்களில் மால்களும் ஆபீஸ்களும் வந்தன. லோயர் பரேலில் இன்னைக்கு நாம செல்ஃபி எடுக்கும் ஃபீனிக்ஸ் மால் கூட ஒரு மில் வளாகம்தான். சுத்தியிருந்த நிலத்தோட விலை எங்கேயோ போயிடுச்சு. சாலில் இருந்தவங்க அதே 160 சதுர அடியில், அரசுக்குச் சொற்ப வாடகை கொடுத்துட்டு இருந்தாங்க.

இலவச வீடு எப்படி?

சூட்சுமம் நிலத்தில் இருக்கு. வொர்லி, நாய்காவ், என்.எம்.ஜோஷி மார்க் மூணும் மாநில அரசு நிலம். மூணு மாடிக் கட்டடங்களை இடிச்சு, பழைய குடும்பங்களை உயரமான டவர்களுக்கு மாத்தினா, நிலத்தில் ஒரு பகுதி மிச்சமாகும். அங்கே கட்டும் வீடுகளை மார்க்கெட் விலைக்கு வித்து, மொத்தச் செலவையும் ஈடுகட்டுறாங்க. மகாராஷ்டிரா வீட்டு வசதி அமைப்பான ‘மாடா’தான் இதை நடத்துது. மூணு இடத்திலும் சேர்த்து 15,000-க்கும் மேற்பட்ட குடும்பங்கள்.

2017-ல் பூமி பூஜை போட்டாங்க. முதல் சாவி வர எட்டு வருஷம். இடையில் பல பேர் அறையைக் காலி பண்ணவே தயங்கினாங்க. ‘இப்போ கிளம்பிட்டு, திரும்பி வரலைன்னா?’ங்கிற பயம். கையில் எழுத்துபூர்வமான ஒப்பந்தம் கொடுங்க, அப்புறம் போறோம்னு கேட்டாங்க. இது பிடிவாதம் இல்லை. வாடகைதாரருக்கு அந்த ஒரு காகிதம்தான் பிடிமானம்.

சாவிக்கு அப்புறம்...

புது வீட்டில் டாய்லெட் உள்ளேயே இருக்கு. ராத்திரி வராண்டாவில் நடந்து போய் வரிசையில் நிக்க வேண்டியதில்லை. இதை அனுபவிக்காதவங்க ‘அந்தக் காலத்து ஒற்றுமை போச்சே’ன்னு உருகுறது ரொம்பச் சுலபம். சாலில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கு இது எவ்வளவு பெரிய விடுதலைன்னு அவங்களைத்தான் கேட்கணும்.

அதே நேரம், 40 மாடிக் கட்டடத்துக்குன்னு மாசாமாசம் ஒரு செலவு இருக்கு. லிஃப்ட், மோட்டார், தீயணைப்புக் கருவிகள், செக்யூரிட்டி... சொற்ப வாடகை கொடுத்துப் பழகின குடும்பம், சலுகைக் காலம் முடிஞ்ச பிறகு இதை எங்கிருந்து கொடுக்கும்? கட்ட முடியாம வீட்டை வித்துட்டு, நகரத்தின் எல்லைக்குப் போயிட்டா, அந்த 500 சதுர அடி யாருக்குக் கிடைச்சதா அர்த்தம்?

அக்கம்பக்கமும் மாறுது. எந்த மாடி, எந்த வீடுங்கிறதைக் குலுக்கல்தான் முடிவு பண்ணுது. நாப்பது வருஷமா எதிர் அறையில் இருந்தவங்க இப்போ பத்து மாடி மேலேயோ, வேற டவரிலேயோ இருக்கலாம். அவசரத்துக்கு ஒரு குரல் கொடுத்தா ஓடி வர்ற ஆளை லிஃப்ட் ஏறிப் போய்த்தான் கூப்பிடணும். வயசானவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் யோசிக்கிற வாய்ப்புகூட இன்னும் கிடைக்காதவங்க சிவ்ரி சால் மக்கள். அந்த நிலம் மாநில அரசோடது இல்லை; மத்திய அரசின் கீழ் இருக்கும் துறைமுகத்தோடது. அதனால மத்த மூணு இடங்களோட அவங்களைச் சேர்க்க முடியலை. அதே வயசுக் கட்டடம், அதே 160 சதுர அடி, அதே பொது டாய்லெட். வொர்லியில் சாவி கொடுத்த செய்தியை அவங்களும் அந்த அறையில் உட்கார்ந்துதான் பார்த்திருப்பாங்க.