மலிவு விலையில் 'பாகவதர் ஹிட்ஸ்': திருட்டு சிடியா, சட்டப்படி சரியா?

குடவாசல் மாதிரி டெல்டா ஊர்க் கடைத்தெருவிலோ, திருவிழாக் கடையிலோ 'பாகவதர் ஹிட்ஸ்' என்று அட்டை ஒட்டிய எம்பி3 சிடி, பென்டிரைவைப் பார்த்திருப்பீர்கள். அட்டையில் எம்.கே.தியாகராஜ பாகவதர் படம், விலையோ ஒரு வேளை சாப்பாட்டுக் காசு. இவ்வளவு சல்லிசா எப்படிக் கொடுக்க முடியுது? கேட்பவருக்கு இது சின்னக் கேள்விதான். பாட்டு ஏற்றி விற்கும் கடைக்காரருக்கு ஜெயில் வரை போகக்கூடிய விஷயம்.

ஒரு பாட்டு, மூணு சொத்து

சட்டத்தின் கண்ணில் ஒரு பாட்டு என்பது ஒரே சொத்து இல்லை. வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றுக்கும் உரிமை தனித்தனி, காலக்கெடுவும் தனித்தனி.

ஒலிப்பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஜனவரியில் இருந்து 60 ஆண்டுகள் கணக்கு. 1957 காப்புரிமைச் சட்டத்தில் இது 50 ஆகத்தான் இருந்தது. தாகூர் படைப்புகளின் கெடு 1991 கடைசியில் முடிய இருந்த நேரத்தில்தான் 60 ஆக நீட்டினார்கள். அந்தக் கணக்கில், 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' ஒலிப்பதிவுகளுக்கு 2004 டிசம்பரோடு கெடு முடிஞ்சுது.

மாயவரத்தில் 1910ல் பிறந்த பாகவதர் மறைந்தது 1959 நவம்பரில். அதனால் 1934 'பவளக்கொடி' தொடங்கி, அவர் உயிரோடு இருந்தப்ப வெளியான எந்த ஒலிப்பதிவும் இன்று யாருக்கும் தனிச் சொத்து இல்லை. மலிவு விலைக்கு முதல் காரணம் இதுதான்.

அப்போ யார் வேணா விற்கலாமா?

இங்கேதான் பலரும் மாட்டுகிறார்கள். வரிகளுக்கும் மெட்டுக்கும் உள்ள கெடு, படைத்தவர் மறைந்த ஆண்டு முடிந்த பிறகு 60 ஆண்டுகள். பாகவதரின் புகழ்பெற்ற பாட்டுகள் பலவற்றை எழுதியவர் பாபநாசம் சிவன். அவரும் நம்ம டெல்டாக்காரர்தான், பிறந்த ஊர் போலகம். அவர் மறைந்தது 1973 அக்டோபரில். ஆக, அவர் வரிகளுக்கு 2033 டிசம்பர் 31 வரை உரிமை இருக்கு. மெட்டும் அவருடையது என்றால் அதற்கும் அதே தேதிதான். 1963ல் மறைந்த இசையமைப்பாளர் ஜி.ராமநாதனின் மெட்டுகளுக்கு 2023ஓடு கெடு முடிந்துவிட்டது.

அதாவது, குரல் பதிவு எல்லாருக்கும் பொது. ஆனால் அதில் பாடப்படும் வரிகள் பொது இல்லை. நகல் எடுத்து விற்க, வரிகளின் உரிமையாளரிடம் அனுமதி வாங்கணும். அது சிவனின் குடும்பம்தான் என்றும் சொல்லிவிட முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இல்லாவிட்டால், சினிமாவுக்காக எழுதிய பாட்டின் முதல் உரிமையாளர் படத் தயாரிப்பாளர்தான் என்று 1977ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தயாரிப்பாளரிடமிருந்து அது இசை நிறுவனத்துக்குக் கைமாறியிருக்கலாம். எழுதியவருக்கும் ராயல்டியில் பங்கு என்பதை 2012 திருத்தம்தான் உறுதி செய்தது. ரொம்பத் தாமதம்.

தெரிந்தே மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வெளிநாட்டிலும் இதே கதையா?

ஆமாம். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டுதான் இருந்தது. 2011ல் அதை 70 ஆக்கினார்கள், ஆனால் ஏற்கெனவே கெடு முடிந்தவற்றுக்கு மறு உயிர் கொடுக்கவில்லை. ஃபிராங்க் சினாட்ராவின் ஆரம்பகாலப் பாட்டுகள் அங்கே மலிவுத் தொகுப்புகளாகக் கிடைப்பது அதனால்தான்.

குரல் பாகவதருடையதுதானா?

சந்தேகப்படுவது நல்லது. வேறொருவரைப் பாட வைத்து, அட்டையில் மட்டும் பழைய பாடகர் படத்தைப் போடுவதும் உண்டு. 2012 திருத்தப்படி இப்படி மறுபதிவு செய்பவர், முதலில் பாடியவரின் பெயரையோ படத்தையோ அட்டையில் போடக்கூடாது. இது மறுபதிவு என்று அதில் தெளிவாகச் சொல்லவும் வேண்டும்.

இன்னொரு குழப்பமும் இருக்கு. அந்தக் காலத்தில் பல பாட்டுகளை இசைத்தட்டுக்காகத் தனியாகப் பாடிப் பதிவு செய்தார்கள். 78 சுற்று தட்டில் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம்தான் என்பதால், பாட்டைச் சுருக்கவும் செய்தார்கள். படத்தில் கேட்டது சிடியில் இல்லையே என்று தோன்றினால், அது போலி என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

வாங்கும் முன் அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பதிவு செய்தவரின் பெயர், முகவரி, உரிமையாளரின் பெயர், முகவரி, முதலில் வெளியான ஆண்டு ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும் என்கிறது சட்டத்தின் 52ஏ பிரிவு. வெறும் பாகவதர் படமும் பாட்டு எண்ணிக்கையும் மட்டும் இருந்தால், விற்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.