காயில் அடித்த அடி

இரண்டாம் ஆண்டு லேப். டி.சி. மோட்டாரின் ஃபீல்டு சுருளுக்குத் தடை அளக்கச் சொன்னார்கள். வெறும் 12 வோல்ட் பாட்டரிதானே என்ற தைரியத்தில், மின்சாரம் ஓடும்போதே கம்பியைக் கையால் கழற்றினேன். விழுந்த அடியில் ஸ்டூலோடு சாய்ந்தேன். "பாட்டரி அடிக்கலப்பா, காயில் அடிச்சிருக்கு" என்றார் அட்டெண்டர் அண்ணன். அந்த அடிக்கு ஒரு சரித்திரம் உண்டு என்பது வேலைக்குப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நமக்கு ஃபாரடேயைத் தெரியும். 1831 ஆகஸ்ட் 29, லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன். இரும்பு வளையத்தில் இரண்டு சுருள். ஒன்றை பாட்டரியோடு இணைத்த கணத்திலும் பிரித்த கணத்திலும் மட்டும், மற்றதன் காந்த ஊசி துடித்தது.

அதே காலத்தில் அமெரிக்காவின் ஆல்பனியில் ஜோசப் ஹென்றி என்றொரு பள்ளி ஆசிரியர். சிறுவயதில் கடிகாரக்காரரிடம் வேலை பழகியவர். நாளுக்கு ஏழு மணி நேரம் வகுப்பு, ஆராய்ச்சிக்கு விடுமுறைதான் கதி. (நம் வாத்தியார்கள் பாடும் அதே பாட்டு!) கம்பிக்குப் பட்டு சுற்றி, அடுக்கடுக்காகச் சுருளாக்கினார். 1831-ல் யேல் கல்லூரிக்கு அவர் செய்து கொடுத்த மின்காந்தம் 2000 பவுண்டுக்கு மேல் தூக்கியது.

காந்தத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் சோதனையை அவரும் செய்திருந்தார். ஆனால் எழுதி வெளியிடாமல் இருந்துவிட்டார். ஃபாரடேயின் செய்தி கிடைத்த பிறகே, 1832 ஜூலையில் அவர் கட்டுரை வந்தது. கிரீடம் லண்டனுக்குப் போய்விட்டது.

ஆனால் அக்கட்டுரையின் கடைசியில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. சிறிய பாட்டரி, குட்டைக் கம்பி. பிரித்தால் பொறி இல்லை. 30, 40 அடிக் கம்பி போட்டால் பளிச்சென்று பொறி! சுருளாக்கினால் இன்னும் அதிகம். தன் மின்தூண்டலைப் பற்றி அச்சில் வந்த முதல் தகவல் இதுதான். ஃபாரடே இந்த விளைவை விரிவாக ஆராய்ந்தது 1834-ல்தான்.

கணக்கு எளிது. 1 ஹென்றி சுருளில் 2 ஆம்பியர் ஒரு மில்லி செகண்டில் நின்றால், சராசரி 2000 வோல்ட். பாட்டரி எத்தனை வோல்ட் என்று காயில் கேட்பதில்லை. எவ்வளவு வேகமாக நிறுத்தினாய் என்றுதான் கேட்கும். பெட்ரோல் காரின் இக்னிஷன் காயிலுக்கு அது வரம், ரிலேயை ஓட்டும் டிரான்சிஸ்டருக்கு சாபம். அதனால்தான் காயிலுக்குக் குறுக்கே டயோடு போடுகிறோம்.

1893-ல் சிகாகோவில் கூடிய மின் மாநாடு அந்த அலகுக்கு ஹென்றி என்று பெயர் வைத்தது. அவர் 1878-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார்.

அடுத்த வகுப்பில் அட்டெண்டர் அண்ணன், ஃபீல்டுக்குக் குறுக்கே ஒரு தடையை மாட்டிவிட்டுத்தான் என்னைக் கிட்டே விட்டார்.