கேஸ் சிலிண்டரில் 'பி-27' என்றால் என்ன?

கேஸ் சிலிண்டர் வந்ததும் சீலை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வைப்பவர்கள்தான் அதிகம். கைப்பிடி வளையத்தைத் தாங்கும் பட்டையின் உள்பக்கம் 'பி-27' என்பது போல எழுதியிருக்கும். அடுத்த பாதுகாப்பு சோதனைக்கான கெடு அது. 'ஏ' என்றால் ஜனவரி முதல் மார்ச் வரை, 'பி' ஏப்ரல் முதல் ஜூன், 'சி' ஜூலை முதல் செப்டம்பர், 'டி' கடைசி 3 மாதம். எண் வருடத்தைக் குறிக்கும். அதாவது 'பி-27' சிலிண்டருக்கு 2027 ஜூன் வரை கெடு. கெடு தாண்டியிருந்தால், 'இது வேணாம், வேற கொடுங்க' என்று கூச்சப்படாமல் கேட்கலாம்.

எடையையும் பார்ப்பது நல்லது. காலி சிலிண்டரின் எடை அதிலேயே இருக்கும். 15.3 கிலோ என்று போட்டிருந்தால், 14.2 கிலோ கேஸோடு சேர்த்து தராசு 29.5 கிலோ காட்டணும். டெலிவரிக்கு வருபவரிடமே எடை போட்டுக் காட்டச் சொல்லலாம்.

கேஸ் வாடை அடித்தால் சுவிட்சைத் தொடாமல், ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906-க்கு போன் போடவும்.