கடுக்காய்: இளக்குவதா, கட்டுவதா?

நாட்டு மருந்துக் கடைகளில் கடுக்காய்ப் பொடி மலச்சிக்கலுக்கு மருந்தாகத்தான் பெரும்பாலும் விற்கப்படுகிறது. ஆனால் ஆயுர்வேத நூல்களைப் புரட்டினால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மலத்தை இளக்கவும் கடுக்காய். கழிச்சலைக் கட்டவும் அதே கடுக்காய்! ஒரே காய் எப்படி இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்யும்? இந்தக் கேள்விக்கான விடையில்தான் கடுக்காயின் உண்மையான வரலாறு இருக்கிறது.

சரகர் காலத்தில்

கடுக்காயின் வடமொழிப் பெயர் ஹரீதகி. 'அபயா' என்றும் ஒரு பெயர் உண்டு. பயத்தைப் போக்குவது என்று பொருள். சுமார் 2000 ஆண்டுகளுக்கு முன் உருவான சரக சம்ஹிதையில் சிகிச்சைப் பகுதியின் முதல் அத்தியாயமே கடுக்காயையும் நெல்லிக்காயையும் வைத்துத்தான் தொடங்குகிறது. மூல நோய்க்கான அபயாரிஷ்டமும் அதே நூலில் உள்ளது.

வயிற்றுப்போக்கு பற்றி சரகம் சொல்வது இன்னும் சுவையானது. செரிக்காத உணவின் கழிவு உள்ளே தேங்கியிருக்கும்போது வயிற்றுப்போக்கை உடனே நிறுத்தக் கூடாது. கழிவு சிரமப்பட்டு வெளியேறினால், கடுக்காய் கொடுத்து அதை முழுவதும் வெளியேற்ற வேண்டும். நோயின் பெயரைப் பார்த்து மருந்து கொடுக்காமல், நோயின் நிலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

பௌத்தத் துறவிகளுக்கும் இது தெரிந்த மருந்துதான். பாலி மொழியிலுள்ள விநய நூலான மகாவக்கத்தில், துறவிகள் மருந்தாக வைத்துக்கொள்ளலாம் என்று புத்தர் அனுமதித்த காய்களில் கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் உண்டு. திரிபலாவில் சேரும் அதே மூன்று காய்கள் இவை.

பாவமிஸ்ரர் தந்த விடை

16ஆம் நூற்றாண்டில் பாவமிஸ்ரர் எழுதிய பாவப்பிரகாசம், மூலிகைப் பகுதியைக் கடுக்காயில்தான் ஆரம்பிக்கிறது. உப்பு தவிர மற்ற ஐந்து சுவைகளும் இதில் உண்டு என்கிறது. முதலில் கேட்ட கேள்விக்கு அந்த நூல் தரும் விடை இதுதான்:

- மென்று தின்றால் பசித்தீ கூடும்.
- அரைத்து உண்டால் மலம் கழியும்.
- ஆவியில் வேகவைத்து உண்டால் மலம் கட்டும்.
- வறுத்து உண்டால் வாதம், பித்தம், கபம் மூன்றும் சமப்படும்.

அதாவது வேலையை முடிவு செய்வது காய் மட்டும் அல்ல, அதைப் பக்குவம் செய்யும் முறையும்தான். பருவத்துக்கு ஏற்பத் துணைப்பொருளும் மாறும். கார்காலத்தில் இந்துப்பு, கூதிர்காலத்தில் சர்க்கரை, முன்பனியில் சுக்கு, பின்பனியில் திப்பிலி, இளவேனிலில் தேன், முதுவேனிலில் வெல்லம் என்று ஆறு பருவங்களுக்கும் ஆறு சொல்லப்பட்டுள்ளன.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்திலும் இதே போன்ற கவனம் உண்டு. இஞ்சிக்குத் தோலை நீக்க வேண்டும், கடுக்காய்க்குக் கொட்டையை நீக்க வேண்டும் என்பது இங்கே வழிவழியாக வரும் விதி. காலையில் இஞ்சி, நண்பகலில் சுக்கு, மாலையில் கடுக்காய் என்று நேரமும் வகுக்கப்பட்டது.

இன்றைய வேதியியலும் இந்த இரட்டைக் குணத்துக்கு ஓரளவு விளக்கம் தருகிறது. கடுக்காயில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிக அதிகம். துவர்ப்பு கட்டும் தன்மை உடையது. அதே காயில் மலத்தை இளக்கும் பொருட்களும் இருக்கின்றன.

கடல் கடந்த காய்

கடுக்காய் இந்தியாவோடு நின்றுவிடவில்லை. சீனாவின் மேற்கே உள்ள குச்சா அருகே கிடைத்த பூர்ஜ மரப்பட்டைச் சுவடி ஒன்றை 1890இல் ஹாமில்டன் பவர் என்ற ஆங்கில அதிகாரி வாங்கினார். பவர் சுவடி எனப்படும் அதன் காலம் கி.பி. 4 முதல் 6ஆம் நூற்றாண்டுக்குள் என்று கருதப்படுகிறது. அதில் கடுக்காய்க்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. ஜப்பானில் நாரா நகரப் பெரிய புத்தருக்கு கி.பி. 756இல் காணிக்கையாக்கப்பட்ட மருந்துகளின் பட்டியலிலும் கடுக்காய் உண்டு. திபெத்தில் மருத்துவ புத்தரின் கையில் இருப்பதும் இதுவே.

மேற்கே அரேபியர் இதை 'ஹலீலஜ்' என்றனர். திரிபலா அவர்களிடம் 'இத்ரிஃபல்' ஆனது. காபூல் வழியாகச் சென்ற சரக்கு என்பதால் 'காபூலி' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. இன்றைய தாவரவியல் பெயரான டெர்மினாலியா செபுலாவில் உள்ள 'செபுலா' அந்தக் காபூல்தான்! ஐரோப்பிய மருந்துக் கடைகளில் கடுக்காய், தான்றி, நெல்லி எல்லாம் சேர்ந்து 'மைரோபாலன்' என்ற ஒரே பெயரில் விற்கப்பட்டன. அவை வெவ்வேறு மரங்களின் காய்கள் என்பதை கார்சியா த ஓர்த்தா 1563இல் கோவாவில் அச்சான தம் நூலில் எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

19ஆம் நூற்றாண்டில் கடுக்காய் மூட்டை மூட்டையாகக் கப்பலேறியது. ஆனால் மருந்துக்காக அல்ல, தோல் பதனிடுவதற்காக! குடலைக் கட்டும் அதே துவர்ப்பு, தோலையும் கெட்டிப்படுத்தியது. மருந்து என்ற அளவில் 1868இல் வெளியான இந்திய மருந்து நூலில் அதற்குப் பேதி மருந்து என்ற இடம் கிடைத்தது. மென்று தின்பது, வேகவைப்பது, வறுப்பது, பருவத்துக்கேற்ற துணைப்பொருள் என்ற நுணுக்கமெல்லாம் காயோடு சேர்ந்து பயணம் செய்யவில்லை.

மறந்துபோன பட்டியல்

பாவப்பிரகாசத்தில் இன்னொரு பட்டியலும் உண்டு. கடுக்காய் யாருக்கு ஆகாது என்ற பட்டியல் அது. நடந்து களைத்தவர், வலுவிழந்தவர், மெலிந்தவர், பட்டினியால் வாடியவர், பித்தம் மிகுந்தவர், இரத்தம் இழந்தவர், கர்ப்பிணி ஆகியோர் இதை உண்ணக் கூடாது. கடுக்காயைத் தாய்க்கு நிகராகப் புகழும் மரபேதான் இந்த எச்சரிக்கையையும் எழுதி வைத்தது.

இன்று புகழ்ச்சி மட்டும் பொட்டலத்தின் மேல் அச்சாகிறது. எச்சரிக்கை பழைய நூலிலேயே தங்கிவிட்டது. 'தினமும் ஒரு ஸ்பூன், எல்லோருக்கும் நல்லது' என்ற அறிவுரையை முன்னோர் மருத்துவம் என்று நினைத்துப் பலர் பின்பற்றுகிறார்கள். உண்மையில் முன்னோர் சொன்னது அதற்கு நேர்மாறானது. யாருக்கு, எப்போது, எந்தப் பக்குவத்தில், எதனோடு என்ற நான்கு கேள்விகளையும் கேட்ட பிறகே அவர்கள் கடுக்காயைக் கையில் எடுத்தார்கள். கேள்விகளை விட்டுவிட்டுக் காயை மட்டும் எடுத்துக்கொண்டால் அது பாரம்பரியம் ஆகாது, வெறும் பொடிதான்.